புளியங்கொட்டைக் கணக்கு

8 ஜூலை 2025, செவ்வாய்

எட்டும் ஐந்தும் எத்தனை?

தெரியவில்லை. காலையிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் குசினிக் கதிரையில் இருந்து ஆஸ்பத்திரியில் தந்த கணக்குத் தாளைப் பார்க்கிறேன், தெரியவில்லை. எட்டை வாசிக்கிறேன். ஐந்தை வாசிக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றோடொன்று கதைக்கிறதில்லை.

ஒவ்வொரு நாளும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறாள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தருகிற றிஷானா. "நீங்க ஆரு, என்ன நடந்த எண்டதுல இருந்து தொடங்குங்க ரீச்சர்." சரி. நான் தயாளினி. வயது நாற்பத்திரண்டு. வீடு பாலையூற்றில். பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் படிப்பித்தவள். மே மாதம் கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது மூளைக்குள் இரத்தம் கசிந்து விழுந்தேன். பேச்சு திரும்பி வந்தது. கை, கால் வந்தன. வாசிப்பு வந்தது. கணக்கு வரவில்லை.

ஓகஸ்ட் 28 மருத்துவச் சபை. நான் வகுப்புக்குத் திரும்பலாமா, இல்லை வீட்டோடு இருக்க வேண்டியதுதானா என்று அவர்கள் சொல்வார்கள். அங்கே மூன்றாம் தரத்து வசனக் கணக்குத் தருவார்களாம். "நிப்லாவிடம் எட்டு மாங்காய்கள் இருந்தன. மாமி மேலும் ஐந்து கொடுத்தார்." இப்படி எத்தனை நிப்லாக்களுக்கு நானே மாங்காய் கொடுத்திருப்பேன்!

10 ஜூலை, வியாழன்

பிள்ளைகளுக்கு நாலு படி சொல்லிக் கொடுத்தவள் நான். என்ன தந்திருக்கிறார்கள்? என்ன கேட்கிறார்கள்? கூட்டவா, கழிக்கவா, பெருக்கவா, வகுக்கவா? கடைசியாக, செய்து பார்.

முதல் மூன்று படியும் எனக்குச் சரியாக வருகிறது. கூட்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாலாம் படியில் கால் வைத்தால் கீழே ஒன்றுமில்லை.

சமையலுக்குக் கரைத்த புளியில் கழித்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தேன். கொட்டை வைத்து எண்ணுவது ஒன்றாம் தரத்துப் பிள்ளை செய்கிற வேலை. செய்கிறேன், என்ன செய்ய?

14 ஜூலை, திங்கள்

எட்டுக் கொட்டை எண்ணி வைத்தேன். ஐந்து எண்ணி வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினேன். பதினாலு.

தாளின் பின்பக்கம் விடை இருக்கிறது. பதின்மூன்று.

திரும்பச் செய்தேன். பதினாலு. மூன்றாம் முறையும் பதினாலு. கொட்டையை எண்ணக்கூட ஏலாதா எனக்கு? கொட்டையை!

15 ஜூலை, செவ்வாய்

றிஷானா பக்கத்தில் இருந்து பார்த்தாள். நான் எண்ணும்போது வாய் மட்டும் அசைகிறதாம், சத்தம் வருவதில்லையாம். "பரவாயில்ல ரீச்சர், வாய்க்குள்ளயே எண்ணுங்க, விடைதான் முக்கியம்" என்றாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. அடுத்த கணக்கு: "துறையிலிருந்து பன்னிரண்டு வள்ளங்கள் போயின. ஐந்து திரும்பி வந்தன. கடலில் நிற்பவை எத்தனை?" ஆறு என்றேன். சரியான விடை ஏழாம். ஒரு வள்ளத்தை நான் கடலுக்குள் தாட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

19 ஜூலை, சனி

காலையில் ஆஸ்பத்திரியில் தந்த மருந்துக் குளிசை இரண்டு போட வேண்டும். மூன்று போட்டுவிட்டேன். எண்ணித்தான் எடுத்தேன், சத்தியமாக எண்ணித்தான் எடுத்தேன். குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். இவர், என் கணவர், இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, நல்ல காலம். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

இப்போது குளிசைப் பெட்டி அலுமாரிக்குள். சாவி அவர் சட்டைப்பையில். அவர் கோபிக்கவில்லை. பூட்டும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பூட்டினார்.

எனக்கு முன்னால் பூட்டியிருக்கலாம். நான் என்ன, குழந்தையா? ஓம், குழந்தைதான்.

22 ஜூலை, செவ்வாய்

"ஒரு கூடையில் நாலு தேங்காய்கள் வீதம் மூன்று கூடைகளில் எத்தனை?"

பெருக்க வேண்டும். மூன்றாம் படி சரி. கூடைக்குப் பதிலாக வீட்டில் தேத்தண்ணிச் சோசர்களை எடுத்து வைத்தேன், ஒவ்வொன்றிலும் கொட்டை எண்ணிப் போட்டேன். பத்தொன்பது வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்தொன்பது! ஒன்று இரண்டு பிசகினால் ஆளுக்கு வயசு போகிறது என்று சொல்லலாம். பத்தொன்பதுக்கு என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் விடையைச் சொன்னபோது றிஷானா தாளில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்கப் பயமாக இருந்தது.

24 ஜூலை, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர் கமலாதேவி அக்கா வந்தார். தோடம்பழம் கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார், பிறகு வந்த விஷயத்தைத் தொடங்கினார்.

"தயா, நீர் கோபிக்கக் கூடாது. சபைக்குப் போய் அவையளுக்கு முன்னால நிண்டு கஷ்டப்படுறதை விட, நீராவே வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்தா மரியாதையா முடிஞ்சிடும். தாய் தகப்பன்மார் கேக்கினம், நான் என்னத்தைச் சொல்ல?"

நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு வகுப்புத்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு நான் வீட்டில் இருந்து என்ன செய்வேன், சோறு காய்ச்சவா? அந்தச் சோறும் ஒவ்வொரு நாளும் மிஞ்சுகிறது. இவர் அடைத்துக்கொண்டு வேலைக்குக் கொண்டு போகிறார், பாவம்.

அக்கா போனபிறகு கொட்டை எல்லாவற்றையும் அள்ளி முற்றத்தில் எறிந்தேன். இந்தத் தலையையும் கழற்றி எறிய ஏலுமென்றால் எறிந்திருப்பேன். என்னத்துக்கு இது இனி?

28 ஜூலை, திங்கள்

இவர் வேலைக்குப் போக முதல் முற்றத்தில் குந்தியிருந்து கொட்டைகளைப் பொறுக்கினார். கழுவித் துடைத்துப் பழைய பால்மா ரின்னில் போட்டு மேசையில் வைத்திருந்தார். இவர் ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே இழுத்து வருகிற படகில் எஞ்சின் பார்க்கிறவர். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள் இருந்து பழகி, கதையைக் குறைத்துவிட்டார்.

1 ஓகஸ்ட், ஆடி வெள்ளி

பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனோம். மூன்று சுற்று என்று நேர்ந்திருந்தேன். வெயில் ஏறி நிலம் சுட்டது. இவர் நேர்த்தி எதுவும் வைக்காதவர், என்றாலும் எனக்குப் பின்னால் கடைசி வரைக்கும் சுற்றினார்.

அம்மாளே, எனக்குப் பழைய கணக்கெல்லாம் வேண்டாம். சமன்பாடு வேண்டாம். எட்டும் ஐந்தும் மட்டும் தா, அது காணும் எனக்கு.

5 ஓகஸ்ட், செவ்வாய்

"நாலு சிவப்பு, மூன்று பச்சை, இரண்டு மஞ்சள் பலூன்கள்." பதினொன்று என்றேன். ஒன்பது.

றிஷானா மெல்லச் சொன்னாள்: "ரீச்சர், இன்னும் கொஞ்சக் காலம் கேட்டு எழுதினா, சபைத் திகதியத் தள்ளி வைப்பாங்க." எவ்வளவு காலம் என்று கேட்டேன். கொட்டைகளை அள்ளி என் கையில் தந்தாள். அவளுக்கும் நம்பிக்கை போய்விட்டது. எனக்கு விளங்காது என்று நினைக்கிறாள். முகத்தைப் பார்த்து விளங்குகிறதற்கு எண் தேவையில்லையே, பிள்ளை.

9 ஓகஸ்ட், சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னேரம் இரண்டு தேத்தண்ணி போட்டேன். நான் சீனி போடுவதில்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பேன். அவருக்கு ஒரு கரண்டி. கதைத்துக்கொண்டே கோப்பையை மாறி எடுத்துவிட்டேன். ஒரு வாய் குடித்ததும், சீ! சீனி காய்ச்சின பாணி மாதிரி இருந்தது.

"இதுக்க எத்தனை கரண்டி போட்டனான்?"

அவர் வெளியே பார்த்தார்.

"கேக்கிறனெல்லே! எத்தனை?"

"ரெண்டு."

"எப்ப தொடக்கம்?"

"நீர் ஆஸ்பத்திரியால வந்து குசினிக்க போன நாள் தொடக்கம்."

"ஒரு நாளும் ஒண்டு போடேல்லையா?"

"இல்லையப்பா. எப்பவும் ரெண்டுதான்."

"சோறு?" என்று கேட்டேன். இரண்டு சுண்டு அரிசி என்று சொல்லி மூன்று சுண்டு போடுகிறேனாம், தினம் தினம். மிச்சத்தைப் படகில் பொடியன்மார் சாப்பிடுகிறார்களாம். "கோயிலில?" என்றேன். "நாலு சுத்து" என்றார்.

"ஏன் சொல்லேல்லை? மூண்டு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே!"

"அம்மாளுக்கு ஒரு சுத்துக் கூடச் சுத்தினா என்ன குறையப் போகுது?"

"சீனியைச் சொல்லியிருக்கலாமே!"

"நீர் அந்தக் கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க உம்மட முகத்தைப் பாத்தனீரா? பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, தயா."

நான் கத்தினேன். அழுதேன். இவ்வளவு நாளும் இவர் என் பிழையை எல்லாம் குடித்துத் தின்று மறைத்திருக்கிறார். மனுசன் அன்பு காட்டுகிறேன் என்று சொல்லி என்ன வேலை பார்த்திருக்கிறார்!

பிறகு பழைய தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். சரியான விடை, என் விடை. கூட்டல் என்றால் ஒன்று கூட. எல்லாக் கூட்டலும். கழித்தல் என்றால் ஒன்று குறைய. எல்லாக் கழித்தலும். மூன்று எண்களைக் கூட்டினால் இரண்டு கூட.

நான் எத்தனை பிள்ளைகளின் கொப்பி திருத்தியிருக்கிறேன்! மூளை கலங்கின பிள்ளை ஒரு நாள் கூட்டி எழுதும், ஒரு நாள் குறைத்து எழுதும். ஒரே மாதிரிப் பிழை விடுகிற பிள்ளை மக்கு இல்லை. அதற்கு எங்கேயோ ஒரு பழக்கம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு என்ன பழக்கம்?

12 ஓகஸ்ட், செவ்வாய்

றிஷானாவிடம் சொன்னேன்: "விடையைப் பார்க்காதையும், என்ரை வாயைப் பாரும்." அவள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். எட்டும் ஐந்தும். பிறகு இருவரும் அதைத் தலையோடு தலை முட்டிப் பார்த்தோம்.

முதல் கொட்டையை எடுக்கும்போது என் உதடு ஒன்று என்று சொல்லவில்லை. வேறு ஏதோ. திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு மூன்றாம் முறை விளங்கியது.

லாபம்.

லாபம், ஒண்டு, ரெண்டு, மூண்டு.

நான் பிறந்த ஈச்சிலம்பற்றில் அப்பா நெல் அளக்கிறபோது முதல் மரைக்காலுக்கு "லாபம்" என்பார். அது வெருகல் முருகனுக்கு. ஒரு பக்கமாகக் கொட்டி வைப்பார், கணக்கில் சேராது. அதற்குப் பிறகுதான் ஒண்டு. நான் பள்ளிக்கூடம் போக முதல் எண்ணப் பழகினது அந்தக் களத்தில்தான்.

"எங்கட பெரியாப்பாவும் முதலாவதுக்கு பரக்கத், அல்லாட அருள், எண்டுதான் செல்லுவாரு" என்றாள் றிஷானா. "ஆனா அடுத்தது ரெண்டு. ஒங்கட வாப்பா மட்டும் ஏன் ஒண்டு எண்டாரு?"

"சாமிக்குக் குடுத்ததை எண்ணக்கூடாது எண்டு."

பள்ளிக்கூடத்து எண்கள் எரிந்துபோக, அதற்குக் கீழே கிடந்தது மேலே வந்திருக்கிறது. றிஷானா எண்ணிக் காட்டினாள்: எட்டு என்று நான் ஒன்பது கொட்டை வைத்திருக்கிறேன், ஐந்து என்று ஆறு. பதினைந்தை எண்ணும்போது அதிலும் ஒன்று லாபம். ஆகப் பதினாலு. தேங்காய்க் கணக்குக்கு நாலு சோசர், ஒவ்வொன்றிலும் ஐந்து. இருபது. எண்ணினால் பத்தொன்பது! றிஷானா கொட்டையை அடுக்கிச் சரிபார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் இருவரும் சிரித்தோம்.

15 ஓகஸ்ட், வெள்ளி

சிரித்ததற்குக் கூலி கிடைத்துவிட்டது. காரணம் தெரிந்தால் பிழை நின்றுவிடும் என்று நினைத்தேனே, என்ன விசரி நான்!

நிற்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினால் தொண்டைக்குள் சொல்கிறது. வாய்க்குள் துணியை வைத்துப் பார்த்தேன். கொட்டையை எடுக்கிற கையே லாபம் என்கிறது. விடையில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்றால், கழிப்பதற்கும் எண்ண வேண்டும். எண்ணினால் லாபம்.

இவர் இப்போது உண்மை சொல்கிறார். அப்படிச் சொல்லச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "பிழை" என்று சொல்லும்போது அவருக்கு முகம் சுருங்குகிறது. நான் அவரைக் கடித்துக் குதறுகிறேன். பேசாமல் இனித்த தேத்தண்ணியைக் குடிக்க விட்டிருக்கலாம் இந்த மனுசனை.

17 ஓகஸ்ட், ஞாயிறு

பிழை. பிழை. பிழை.

கமலாதேவி அக்கா சொன்னபடி எழுதிக் கொடுத்துவிடலாம். மனதுக்குள் கடிதத்தின் முதல் வரி கூட வந்துவிட்டது.

அப்பா, உங்களுடைய லாபத்தை எடுத்துக்கொண்டு போங்கோ. எனக்கு வேண்டாம். நான் உங்களிடம் கேட்டேனா?

20 ஓகஸ்ட், புதன்

காலையில் இவர் முன்னால் ஏழு எண்ணினேன். "எட்டு நிக்குது, தயா" என்றார். என்ன வந்ததோ தெரியாது, மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்து, "லாபம்! இந்தா, வைச்சுக்கொள்! இனி வராதை!" என்று கத்தினேன். கொட்டை எல்லாம் துள்ளியது. அதே கோபத்தோடு எண்ணினேன், ஒண்டு, ரெண்டு...

ஏழு.

இவர் குனிந்து எண்ணிப் பார்த்தார். திரும்ப எண்ணினார். "தயா, ஏழுதான்" என்றார்.

திரும்ப அடித்தேன். பன்னிரண்டு என்று எண்ணினேன், பன்னிரண்டு நின்றது. அடிக்காமல் எண்ணினேன். பதின்மூன்று. ஆக அதைத் துரத்த ஏலாது. அதற்குரியதைக் கொடுத்துவிட்டால் ஒரு பக்கமாகப் போய் இருக்கிறது. மேசைக்கு லாபம், கொட்டைக்கு ஒன்று.

அடிக்கத் தேவையில்லை, விரலால் ஒரு தட்டுப் போதும். பொழுது சாயும்வரை தட்டித் தட்டி எண்ணினோம். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. எட்டும் ஐந்தும் பதின்மூன்று! நிப்லா, இந்தா உன் மாங்காய்.

27 ஓகஸ்ட், புதன்

நாளைக்கு. அம்மாளே. மெதுவாகத்தான் செய்கிறேன், ஒரு கணக்குக்கு மூன்று தரம் சரிபார்க்கிறேன். இப்படி ஒருத்தியை யார் வகுப்பில் விடுவார்கள்?

28 ஓகஸ்ட், வியாழன்

மூன்று வைத்தியர்கள். குளிரூட்டி சத்தம் போடுகிற சின்ன அறை.

"குச்சவெளி பஸ்ஸில் பதினாலு பேர் இருந்தனர். நிலாவெளியில் ஆறு பேர் இறங்கினர், மூன்று பேர் ஏறினர். இப்போது எத்தனை பேர்?"

முடிந்து கொண்டுபோன கைலேஞ்சியை அவிழ்த்துக் கொட்டைகளைக் கொட்டினேன். மூவரில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொட்டை வைச்சோ செய்யப் போறீங்கள்? நீங்கள் கணித ரீச்சரெல்லோ?"

"ஓம் டொக்டர். முந்தியெல்லாம் கொட்டை தேவைப்படேல்லை."

தட்டினேன், எண்ணினேன். தட்டினேன், எடுத்தேன். தட்டினேன், வைத்தேன். சேலைக்குள் வேர்த்து ஒழுகியது. நடுவில் கை தவறி ஒரு கொட்டை கீழே விழுந்தது. அதோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பெரியவரே குனிந்து எடுத்துத் தந்தார். முதலிலிருந்து செய்தேன்.

"பதினொன்று."

இன்னும் சில கணக்குகள் தந்தார்கள். எல்லாம் சரி என்றுதான் நினைக்கிறேன். வெளியே வரும்போது இளைய வைத்தியர் கேட்டார்: "ஏன் ரீச்சர் ஒவ்வொரு தரமும் மேசையில தட்டுறீங்கள்?"

அப்பாவையும் முருகனையும் அந்த அறைக்குள் கூப்பிட எனக்கு மனமில்லை. "வகுப்பை அமைதியாக்க, டொக்டர்" என்றேன்.

5 செப்டெம்பர், வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை. ரெலிபோன் அடித்தால் இவரை எடுக்கச் சொல்கிறேன்.

11 செப்டெம்பர், வியாழன்

கமலாதேவி அக்கா ரெலிபோன் எடுத்தார். அழுதுகொண்டு கதைத்ததால் முதலில் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பத்து, பதினோராம் தரங்கள் இல்லை. அவை இனி எனக்கு இல்லை. வருட முடிவு வரைக்கும் மூன்றாம் தரத்தில் விட்டுப் பார்ப்பார்களாம், பிறகு திரும்பச் சபை.

இருபடிச் சமன்பாட்டுக்காகக் கொஞ்சம் அழுதேன். அதுவும் ஒரு மனுசர் மாதிரித்தானே, பதினாறு வருடம் கூட இருந்தது.

15 செப்டெம்பர், திங்கள்

போனேன்.

வரவு எடுக்க வேண்டும். மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். பிள்ளைகள் எல்லாம் கப்சிப். தலைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு. வரவு இடாப்பிலும் முப்பத்திரண்டு. இரண்டாம் பாடத்துக்குக் கூட்டல் கொடுத்தேன். பார்த்தால் முன்வரிசையில் ஒன்று தட்டிவிட்டு எண்ணுகிறது, அதைப் பார்த்து அடுத்தது தட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கத் தட்டு. அடுத்த வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், தச்சுவேலையா?" என்றார். "ஓம், கணக்குத்தான்" என்றேன்.

கால் வீங்கிப்போய் வந்தேன். ஒரு கரண்டி சீனியோடு தேத்தண்ணி போட்டு அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை."

"உண்மை சொல்லுறதெண்டு சத்தியம் பண்ணினனீங்கள்."

தலையைச் சொறிந்தார். "சீனி காணாது, தயா. எனக்கு அது பழகிப் போச்சு."

கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சீனி ரின்னில் கரண்டியால் ஒரு தட்டு. பிறகு இன்னும் ஒன்று போட்டேன்.